வாழ விரும்பும் ஊரும் வாழக் கிடைக்கும் ஊரும்

உலகில் எங்கே வாழ மக்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்னும் கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது மூன்று விடைகள் செய்தித்தாள்களில் இடம்பெறுகின்றன. அவை ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதை அவற்றை வெளியிடுவோரும் படிப்போரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நகரங்களுக்கு மதிப்பெண் இடும் நிறுவனங்கள் வியன்னா, கோபன்ஹேகன், சூரிச், மெல்பர்ன் ஆகியவற்றை மாற்றி மாற்றி முன்வரிசையில் அமர்த்துகின்றன. மக்கள் தம் வாழ்வுக்குத் தாமே இடும் மதிப்பெண்ணைத் தொகுக்கும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஓராண்டுகூடத் தவறாமல் பின்லாந்தே முதலிடம் பெற்றது. ஆனால், வாய்ப்புக் கிடைத்தால் எந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விரும்புவீர்கள் என்று நேரடியாகக் கேட்கும் கேலப் நிறுவனத்தின் உலகளாவிய கருத்துக்கணிப்பில் நெடுங்காலமாக ஐக்கிய அமெரிக்காவே முன்னிற்கிறது. பின்லாந்தும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் அதன் முதல் சில இடங்களில்கூடத் தென்படுவதில்லை. மிகச் சிறந்தது என்று சான்றளிக்கப்பட்ட இடத்துக்கும் மக்கள் போக விரும்பும் இடத்துக்கும் உள்ள இந்தத் தொலைவைக் கணக்கெடுப்பின் பிழை என்று தள்ளிவிட முடியாது. தரவரிசை, ஓரிடத்தில் ஏற்கெனவே வேலையும் வீடும் குடியிருப்பு உரிமையும் பெற்று அமர்ந்துவிட்டவருக்கு அவ்விடம் என்ன தரும் என்று அளக்கிறது. பெயர நினைப்பவரோ, அவ்விடம் தம்மை உள்ளே விடுமா, விட்டபின் இருக்கவிடுமா என்று முதலில் கணக்குப் போடுகிறார்.

நகரத் தரவரிசைகளில் அதிகம் பேசப்படுவது, எகனாமிஸ்ட் இதழை வெளியிடும் குழுமத்தைச் சேர்ந்த எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் தயாரிக்கும் வாழத்தகு நிலைக் குறியீடு ஆகும். இது சுமார் 170 நகரங்களை, முப்பது கூறுகளின் அடிப்படையில், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடுகிறது. குற்றமும் போரும் இல்லாத நிலைத்தன்மைக்கு 25 மதிப்பெண், பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 25, மருத்துவத்துக்கு 20, சாலை, குடிநீர், வீட்டுவசதி போன்ற உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10 என்பது அதன் பகிர்வு. வாழ்க்கைச் செலவு இந்தப் பகிர்வில் இல்லை. அதனை அந்நிறுவனம் வேறோர் ஆய்வில் தனியே அளக்கிறது. வீட்டு வாடகை எவ்வளவு என்று பாராமல் ஓர் ஊர் வாழத்தக்கதா என்று முடிவு செய்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்தால் விந்தை நீங்கிவிடும். பன்னாட்டு நிறுவனங்கள் தம் அதிகாரிகளை வெளிநாட்டு நகரங்களுக்கு அனுப்பும்போது, அங்குள்ள இடர்ப்பாடுகளுக்கு ஈடாகச் சம்பளத்துடன் எவ்வளவு சிறப்புப் படி சேர்த்துத் தரவேண்டும் என்று கணக்கிட உதவும் கருவி இது. எண்பதுக்கு மேல் பெறும் நகரத்துக்குப் படி தேவையில்லை. ஐம்பதும் அதற்குக் கீழும் பெறும் நகரத்துக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடுவரை தரலாம் என்பது அதன் பரிந்துரை. அதே பணிக்குப் பயன்படும் மெர்சர் நிறுவனத்தின் தரவரிசையும் இப்படித்தான். ஆகவே இப்பட்டியல்கள் சொல்வது, நிறுவனச் செலவில் குடும்பத்துடன் வந்திறங்கும் ஓர் அதிகாரிக்கு எந்த ஊர் குறைவான தொல்லை தரும் என்பதையே. அந்த அளவில் அவை நேர்மையான கணக்குகள். செய்தித்தாள்கள் அவற்றை மனிதகுலம் முழுவதன் விருப்பப் பட்டியலாக மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது.

மெல்பர்ன் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழாண்டுகள் இக்குறியீட்டில் முதலிடத்தில் இருந்தது. பின் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வியன்னா அவ்விடத்தைப் பிடித்தது. பெருந்தொற்றுக் காலமான 2021 இல், எல்லையை மூடி நோயைத் தடுத்த நியூசிலாந்தின் ஆக்லாந்து முதலிடத்துக்கு ஏற, உணவகங்களும் அரங்குகளும் பூட்டிக்கிடந்த வியன்னா பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. கதவுகள் திறந்த மறு ஆண்டே மீண்டும் முதலிடம் ஏறி 2024 வரை அங்கேயே நின்றது. 2025 இல் கோபன்ஹேகனுக்கு வழிவிட்டது. ஓராண்டில் ஒரு நகரத்தின் வீடுகளோ நீர்க்குழாய்களோ பள்ளிகளோ மாறிவிடுவதில்லை என்பதால், இந்த ஏற்ற இறக்கங்களில் பொருள் தேடுவது வீண்வேலை. இந்திய அரசின் வாழ்தல் எளிமைக் குறியீடும் இதே பாடத்தைத் தருகிறது. அது 2018 இல் வந்தபோது புனே முதலிடத்திலும் சென்னை பதினான்காம் இடத்திலும் இருந்தன. குடிமக்களின் கருத்துக்கு 30 விழுக்காடு இடமளித்து முறையை மாற்றி 2020 ஆம் ஆண்டுக்கென வெளியிட்டபோது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூர் முதலிடமும் சென்னை நான்காமிடமும் பெற்றன. இடைப்பட்ட காலத்தில், 2019 கோடையில், சென்னை குடிநீர் ஏரிகள் வறண்டு இரயிலில் நீர் கொண்டுவரப்பட்டதை எண்ணிப் பார்ப்போர், தரவரிசையில் ஏறியது ஊரா கணக்கிடும் முறையா என்று தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எனினும் வியன்னாவின் கதையைத் தரவரிசையோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் வாழத்தகு ஊர் என்பது இயற்கை அளித்த கொடை என்னும் எண்ணத்தை அது முற்றாக மறுக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தலைநகராக இருந்த அந்நகரத்தின் மக்கள்தொகை 1910 இல் இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பொகிமியா, மொராவியா, கலீசியா ஆகிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் அடைந்து கிடந்த அடுக்கு வீடுகளில் தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் நடைவழியில் பொதுவாக இருந்தன. ஒரு குடும்பத்தின் வீட்டில் கட்டிலை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, வீட்டார் வேலைக்குப் போனபின் வந்து உறங்கி எழுந்து செல்லும் வழக்கம் இருந்தது. இத்தகையோருக்குக் கட்டில் வாடகையர் என்று தனிப் பெயரே உண்டு. காசநோய்க்கு வியன்னா நோய் என்று பெயர் வழங்கிய காலம் அது. அக்காலத்தில் யாரேனும் தரவரிசை தயாரித்திருந்தால், அரண்மனையையும் இசையரங்கையும் பார்த்து உயர்ந்த மதிப்பெண்ணையும், தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்து மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணையும் ஒரே ஊருக்கு இட்டிருக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் பேரரசு சிதறியபின், 1919 ஆம் ஆண்டு நகராட்சித் தேர்தலில் சமூக சனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றது. 1934 வரை நீடித்த அந்த ஆட்சிக் காலத்தைச் செவ்வியன்னா என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். வியன்னா 1922 இல் தனி மாநிலமாகப் பிரிக்கப்பட்டதால் அதற்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் கிடைத்தது. நகரின் நிதிப் பொறுப்பாளராக இருந்த ஹூகோ பிரைட்னர் 1923 இல் வீடமைப்பு வரி ஒன்றைக் கொண்டுவந்தார். சிறு வீட்டில் குடியிருப்பவர் பெயரளவுக்குச் செலுத்த, மாளிகையில் குடியிருப்பவர் பன்மடங்கு செலுத்தும்படி அது அமைந்தது. வீட்டு வேலையாட்கள், மோட்டார் வண்டிகள், கேளிக்கைகள் ஆகியவற்றின்மீதும் வரி விதிக்கப்பட்டது. கடன் வாங்காமல் வரிப்பணத்தில் கட்டியதால், கட்டிய செலவையோ வட்டியையோ வாடகையில் மீட்கவேண்டிய தேவை எழவில்லை. பராமரிப்புக்குப் போதுமான சிறு தொகையே வாடகையாயிற்று. இந்த வகையில் 1934 க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்றது, கட்டடக் கலைஞர் கார்ல் ஏன் வடிவமைக்க 1927 க்கும் 1930 க்கும் இடையே கட்டப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கட்டடத் தொகுதியில் 1,382 வீடுகளும், சலவைக் கூடங்களும், குளியல் கூடங்களும், மழலையர் பள்ளிகளும், நூலகமும் இருந்தன; மனையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் மட்டும் கட்டிவிட்டு எஞ்சியதைத் தோட்டமாக விட்டார்கள். பிப்ரவரி 1934 இல் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது, வலதுசாரி அரசின் பீரங்கிகள் அந்தக் கட்டடத்தையே குறிவைத்தன.

இன்று வியன்னா நகராட்சி ஏறக்குறைய 2,20,000 வீடுகளுக்கு உரிமையாளர். இவற்றோடு இலாப வரம்புக்கு உட்பட்ட சங்கங்கள் அரசு உதவியுடன் கட்டிய வீடுகளையும் சேர்த்தால், நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். வருமான வரம்பு உயரமாக வைக்கப்பட்டிருப்பதால் ஏழைகள் மட்டுமன்றி ஆசிரியரும் செவிலியரும் அலுவலரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றனர்; வீடு பெற்றபின் வருமானம் கூடினாலும் காலி செய்யச் சொல்வதில்லை. ஆல்ப்ஸ் மலை ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவரும் முதல் நெடுங்குழாய் 1873 இலும் இரண்டாவது 1910 இலும் திறக்கப்பட்டன. இன்றும் வீட்டுக் குழாயில் வருவது அந்த நீரே. நகரின் பேருந்து, டிராம், சுரங்க இரயில் அனைத்திலும் ஓராண்டு முழுதும் பயணம் செய்யும் சீட்டு 2012 முதல் பல ஆண்டுகள் 365 யூரோவுக்கு விற்கப்பட்டது. தரவரிசைக்காரர்கள் இன்று எண்ணிச் சேர்க்கும் மதிப்பெண்களில் பெரும்பாலானவை, தரவரிசை என்ற சிந்தனையே இல்லாத காலத்தில் வரியாகத் திரட்டப்பட்டவை.

இக்கதையின் மறுபக்கத்தையும் பேசாமல் விட்டால் அது நகராட்சியின் விளம்பரத் துண்டாகிவிடும். வியன்னாவில் 1938 க்கு முன் வாழ்ந்த சுமார் இரண்டு இலட்சம் யூதர்கள் நாஜி ஆட்சியில் விரட்டப்பட்டனர் அல்லது கொல்லப்பட்டனர்; அவர்களின் வீடுகள் பறிக்கப்பட்டன. போருக்குப் பின் பேரரசும் இன்றி, கிழக்கே மூடிய எல்லையுடன் நின்ற நகரம் மெல்லச் சுருங்கி 1980 களில் பதினைந்து இலட்சத்தளவில் வந்து நின்றது. இருபது இலட்சம் பேருக்கெனப் போடப்பட்ட நீர்வழிகளையும் பூங்காக்களையும் பதினைந்து இலட்சம் பேர் பகிர்ந்துகொண்ட அந்த வசதி, நல்லாட்சியின் பயனாக மட்டும் வாய்த்ததன்று. மக்கள்தொகை மீண்டும் இருபது இலட்சத்தைத் தொட்டது 2023 இல்தான். புதிதாக வருபவர் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டுகளாவது அந்நகரில் முறைப்படி பதிவு செய்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரியக் குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டுக் காத்திருப்பும் பழைய குடியுரிமையைத் துறப்பதும் தேவைப்படுகின்றன. இதனால் வாக்களிக்கும் வயதுடைய வியன்னாவாசிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்நாட்டுக் குடிமகன் அல்லர் என்பதால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவராக இருக்கிறார். அதிகாரிக்குப் படி தேவைப்படாத ஊரில் துப்புரவுத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை என்பதைக் கணக்கில் கொள்ள அந்த முப்பது கூறுகளில் இடமில்லை.

இனி விருப்பத்தை நேரடியாகக் கேட்கும் முறைக்கு வரலாம். கேலப் நிறுவனம் 2015 முதல் 2017 வரை திரட்டிய தரவுகளின்படி, உலகில் வயதுவந்தோரில் 15 விழுக்காட்டினர், அதாவது 75 கோடிக்கும் மேற்பட்டோர், வாய்ப்பிருந்தால் வேறு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விரும்பினர். அவர்களில் 15.8 கோடிப் பேர் அமெரிக்காவையும், 4.7 கோடிப் பேர் கனடாவையும், 4.2 கோடிப் பேர் ஜெர்மனியையும் சொன்னார்கள். பிரான்சும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் அடுத்து வந்தன. அவற்றுக்குப் பின் சவூதி அரேபியா 2.4 கோடிப் பேரின் விருப்பத்துடன் நின்றது. கனடாவில் அப்போது வாழ்ந்தவர்களின் எண்ணிக்கையே 4 கோடிக்குக் குறைவு என்பதை நினைத்தால், அங்கே வாழ்பவர்களைவிட வாழ விரும்புபவர்கள் அதிகம் என்றாகிறது. சவூதி அரேபியா எந்த வாழத்தகு நிலைப் பட்டியலிலும் முன்வரிசையில் நின்றதில்லை. ஆயினும் கூலிக்கு வேலையும் இசுலாமியருக்குப் புனிதத் தலங்களும் உள்ள நாடு என்பதால் கோடிக்கணக்கானோர் அதன் பெயரைச் சொல்கிறார்கள். இங்கே விருப்பம் என்பது வசதியின் பெயராக அன்றி வாய்ப்பின் பெயராகவே ஒலிக்கிறது.

விருப்பத்துக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி இதைவிடப் பெரிது. இதே நிறுவனம் 2010 முதல் 2015 வரை கேட்டபோது, அடுத்த பன்னிரண்டு மாதங்களில் பெயரத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னவர்கள் உலக வயதுவந்தோரில் 1.3 விழுக்காடு மட்டுமே. அதற்கென விசா, பயணச்சீட்டு போன்ற ஏற்பாடுகளில் உண்மையிலேயே இறங்கியிருந்தவர்கள் சுமார் 2.3 கோடிப் பேர். ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி 2024 இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 30.4 கோடிப் பேர், உலக மக்களில் 3.7 விழுக்காடு. எஞ்சிய 96 விழுக்காட்டினர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் போக விரும்பவில்லை என்றே கேலப் நிறுவனத்திடம் சொல்லியும் இருக்கிறார்கள். உலகில் மக்கள் மிகவும் விரும்பும் இடம் எது என்னும் கேள்விக்கு மிகுதியான வாக்குகளைப் பெற்ற விடை, ஒவ்வொருவரும் இப்போது இருக்கும் நாடே என்பது தலைப்புச் செய்தியாகும் தகுதி பெறாததால் அடியில் தங்கிவிடுகிறது.

இந்த அடக்கமான விடையை மிக அழகாக வரைந்து காட்டியவர் புவியியலாளர் பீட்டர் கூல்டு. அவர் 1960 களில் பெர்க்லி, மினசோட்டா, பென்சில்வேனியா, அலபாமா ஆகிய நான்கு இடங்களில் இருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், அமெரிக்க மாநிலங்களை வாழ விரும்பும் வரிசையில் அடுக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான அடுக்குகளில் பொதுவாக ஓடும் போக்கைப் பிரித்தெடுக்க, முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறையை, அதாவது பல வரிசைகள் சேர்ந்து எந்தத் திசையில் சாய்கின்றன என்று காணும் கணக்கை, பயன்படுத்தினார்; கிடைத்த மதிப்புகளை மலையும் பள்ளமும் காட்டும் உயரக் கோடுகளாக நிலப்படத்தில் வரைந்தார். மனப்படம் என்று அதற்குப் பெயர். அந்தப் படங்களில் கலிஃபோர்னியா எல்லாருக்கும் சிகரமாக உயர்ந்து நின்றது. வடமாநில மாணவர்களுக்குத் தென்மாநிலங்கள் ஒரே பெரும் பள்ளமாகத் தோன்ற, அலபாமா மாணவர்களுக்கோ அதே தெற்கு மேடும் தாழ்வுமாகப் பல நிறங்களில் தெரிந்தது. தொலைவில் இருப்பவருக்கு ஒரே கறையாகத் தெரிவது அருகில் இருப்பவருக்கு ஊர் ஊராகப் பிரிந்து தெரியும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

கூல்டும் ராட்னி வைட்டும் பின்னர் பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்களிடம் இதே ஆய்வைச் செய்தனர். இருவரும் சேர்ந்து எழுதி 1974 இல் வந்த நூல் இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. தென்கடற்கரை ஓரம் எல்லாருக்கும் உயர்ந்த மேட்டுநிலமாக இருந்தது. வடக்கே போகப் போக விருப்பம் சரிந்து, அழகிய ஏரி மாவட்டத்தில் மட்டும் திடீரென எழுந்தது. தலைநகரான இலண்டன், சூழ்ந்த மேட்டின் நடுவே ஒரு குழியாகக் கிடந்தது. ஆனால் எந்தப் பள்ளியில் கேட்டாலும், அந்தப் பள்ளி அமைந்த வட்டாரத்தின்மீது ஒரு குவிமாடம் எழுந்து நின்றது என்பதே இவ்வாய்வின் மணி. நாடு முழுதும் இகழும் வட்டாரத்தில் படித்தவரும் தம் வட்டாரத்தை உயர்த்தியே வைத்தனர். சொந்த இடத்தின்மேல் எழும் இந்தக் குவிமாடத்தை வெறும் பாசம் என்று சொல்லிவிடலாகாது. எந்தத் தெருவில் எது கிடைக்கும், யாரிடம் கடன் கேட்கலாம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்கவேண்டும் என்னும் அறிவு ஒருவர் பல்லாண்டு வாழ்ந்து சேர்த்த சொத்து. ஊர் மாறினால் அது ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும்.

எல்லாரும் சிகரமாக வரைந்த கலிஃபோர்னியா உண்மையில் அங்கு வாழ்பவரை எவ்வளவு மகிழ்வித்தது என்பதை உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் தென் கலிஃபோர்னியாவிலும் படித்த சுமார் இரண்டாயிரம் மாணவர்களிடம் அவர்களுடைய வாழ்க்கை நிறைவைக் கேட்டபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவைச் சொன்னது. ஆனால் தம்மைப் போன்ற ஒருவர் மறு பகுதியில் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, இரு தரப்பாருமே கலிஃபோர்னியாவில் இருப்பவர் கூடுதல் நிறைவுடன் இருப்பார் என்று ஊகித்தனர். இரண்டு இடங்களை ஒப்பிடச் சொன்னதும் கண்முன் நிற்கும் வேறுபாடாகிய வெயிலும் பனியும் முழு மனத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அங்கே வாழத் தொடங்கியபின் தேர்வும் வேலையும் நட்பும் நாளைத் தின்றுவிடுவதால் வானிலை நினைவிலேயே வருவதில்லை. இதனைக் கவனக்குவிப்பு மயக்கம் என்று அவர்கள் அழைத்தனர். நீண்ட இருட்டும் பனியும் கொண்ட பின்லாந்து மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடம் பெறுவதைக் கேட்டு வெப்ப நாட்டார் வியப்பதும் இதே மயக்கத்தின் ஒரு வடிவம். அவ்வறிக்கை யாரிடமும் இன்று சிரித்தீர்களா என்று கேட்பதில்லை. ஹாட்லி கேன்ட்ரில் வகுத்த ஏணிமுறைப்படி, வாய்க்கக்கூடிய மிகமோசமான வாழ்வு பூச்சியமாகவும் மிகச்சிறந்த வாழ்வு பத்தாகவும் உள்ள ஏணியில் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறது. நோயும் வேலையிழப்பும் தன்னைத் தெருவில் நிறுத்திவிடாது என்ற உறுதி உள்ளவர் உயர்ந்த படியைச் சொல்வதில் வியக்க ஏதுமில்லை.

மக்கள் வாயால் சொல்வதை நம்பாத பொருளியலாளர்கள் அவர்கள் எதை இழக்கத் துணிகிறார்கள் என்று பார்க்கச் சொல்கின்றனர். சார்லஸ் டீபூ 1956 இல் எழுதிய கட்டுரையில், ஊர்கள் வெவ்வேறு வரிகளும் வெவ்வேறு வசதிகளும் வழங்கும்போது, மக்கள் தமக்கேற்ற ஊருக்குப் பெயர்வதன் மூலம் தம் விருப்பத்தைத் தெரிவிக்கிறார்கள் என்று வாதிட்டார். காலால் வாக்களித்தல் என்று இது பின்னர் வழங்கலாயிற்று. ஜெனிஃபர் ரோபேக் 1982 இல் அதற்கு ஒரு கணக்கு வடிவம் தந்தார்: ஓர் ஊரில் ஊதியம் குறைவாகவும் வாடகை அதிகமாகவும் இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தால், அந்த இழப்பின் அளவே அவ்வூரின் இனிமைக்கு அவர்கள் தரும் விலை. தடையின்றிப் பெயரக்கூடிய ஒரே நாட்டுக்குள் இது கூர்மையான கருவி. ஆனால் வியன்னாவில் இதனை வைத்தால் அளவு சரியாக வராது. அங்கே வாடகையைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதால், குறைந்த வாடகையைப் பார்த்து அவ்வூரை இனிமையற்றது என்று கருவி சொல்லிவிடும். நாட்டெல்லையைத் தாண்டினாலும் அது பயனற்றுப் போகிறது; கடவுச்சீட்டு இல்லாத கால் வாக்களிக்க முடியாது.

அத்தகைய தடையற்ற கால்கள் படைத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. குளிர்நாட்டு ஓய்வூதியர்கள் ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையிலும், அமெரிக்க முதியோர் மெக்சிகோவிலும் குடியேறுகின்றனர். அவர்கள் வேலையையும் பள்ளியையும் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாததால் வெயிலையும் மலிவையும் தேர்கிறார்கள். போர்ச்சுகல் 2012 இல், ஐந்து இலட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை என்று திட்டம் அறிவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக ஏழு நாள் அந்நாட்டில் தங்கினால் போதும் என்பது அதன் நிபந்தனை. வாழும் உரிமையை வாழாமலே வாங்கும் இந்த ஏற்பாடும், வரிச் சலுகைகளும், சுற்றுலாவும் சேர்ந்து லிஸ்பனின் வீட்டு விலையை உள்ளூர்ச் சம்பளக்காரர் எட்டாத உயரத்துக்குத் தள்ளின; எதிர்ப்பு வலுத்தபின் 2023 இல் வீடு வாங்கி உரிமை பெறும் வழி மூடப்பட்டது.

எதிர்முனையில் நிற்பவர்கள், எங்கே வாழ விருப்பம் என்று ஒருபோதும் கேட்கப்படாதவர்கள். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, முன்பு வாழ்ந்த இடத்திலிருந்து பெயர்ந்தவர்களாகச் சுமார் 45 கோடிப் பேரைக் காட்டுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் பெயர்ந்ததற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் திருமணம். கேலப் கணக்கிட்ட உலக ஆசைகளில் பாதிக்கும் மேற்பட்ட அளவில் ஒரே நாட்டுக்குள் நடந்திருக்கும் இப்பெயர்ச்சியை இடப்பெயர்வு என்று எண்ணுவாரே குறைவு. குவிமாடத்தின் அடியிலிருந்து எழுப்பப்பட்டு வேறோர் ஊரில் நடப்பட்ட இப்பெண்கள் தெருவையும் தண்ணீர்க் குழாயையும் பழகி, இருபதாண்டுகளில் புதிய குவிமாடம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதில் விருப்பம் எங்கே முடிகிறது, பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கருத்துக்கணிப்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தரவரிசைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஈழத் தமிழர் வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ஆகஸ்டு 1986 இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்கு அருகே, மூடுபனிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்ன அவர்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறியவர்கள் என்பது பின்னர் தெரியவந்தபோது கனடாவில் பலர் சினந்தனர். பாதுகாப்பான, வளமான ஒரு நாட்டை விட்டு எதற்காக இன்னொரு நாட்டைத் தேடவேண்டும் என்று கேட்டனர். வாழத்தகு நிலையின்படி பார்த்தால் கேள்வி நியாயமானதே. ஆனால் மேற்கு ஜெர்மனி அக்காலத்தில் தஞ்சம் கோரியோர் வேலை செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தியது; ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை விட்டு இசைவின்றி வெளியேறக்கூடாது என்றது; தன்னைக் குடியேற்ற நாடாகவே அது கருதவில்லை. கனடாவிலோ, தஞ்சம் கோரும் எவருக்கும் நேரில் வாய்மொழி விசாரணைக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 1985 இல் தீர்ப்பளித்திருந்தது; ஏற்கப்பட்டவர் வேலை செய்யலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், சில ஆண்டுகளில் குடிமகனாகலாம். குளிர் இரண்டு நாட்டிலும் குளிர்தான். படகிலிருந்து இறங்கியவர்களுக்குக் கனடிய அரசு தங்கவும் வேலை செய்யவும் தற்காலிக இசைவு வழங்கியது.

அதன்பின் டொராண்டோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோ, உலகில் ஈழத் தமிழர் மிகுதியாக வாழும் நகர்ப்புறங்களுள் ஒன்றாக வளர்ந்தது. முதலில் வந்தவர் தங்கையையும் மைத்துனரையும் அழைக்க, அவர்கள் ஊராரை அழைக்க, தமிழ்க் கடைகளும் கோயில்களும் தமிழ் வகுப்புகளும் எழ, யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருக்கும் ஒருவருக்கு வாழ விரும்பும் இடம் என்று அந்த ஊரின் பெயர் தானே வாயில் வரலாயிற்று. வெளிநாட்டில் உதவக்கூடிய உறவினரோ நண்பரோ உள்ளவர்கள் குடியேற விரும்புவது அதிகம் என்று கேலப் ஆய்வுகள் காட்டுவதும் இதையே. ஏற்கெனவே ஒருவர் சென்று கட்டிய குவிமாடத்தின் விளிம்பு, கடல்கடந்து வீட்டு வாசல்வரை நீண்டு விடுகிறது. வியன்னாவின் நகராட்சி வீடுகள் எவ்வளவு நேர்த்தியாயினும், அங்கே கதவைத் தட்ட ஒரு சித்தப்பா இல்லையென்றால் அந்நகரம் அவர் மனப்படத்தில் தட்டையாகவே கிடக்கும்.

இப்போது அந்தக் கனடாவும் திணறுகிறது. அதன் மக்கள்தொகை 2023 இல் 4 கோடியைத் தாண்டியது; டொராண்டோவிலும் வான்கூவரிலும் வீட்டு வாடகை, புதிதாக வந்தவரை மட்டுமன்றி அங்கேயே பிறந்தவரையும் நகரைவிட்டு வெளியேற்றும் அளவுக்கு ஏறியது; மாணவர்கள் வீடுகளின் நிலவறைகளில் நெருக்கிக்கொண்டு தங்கும் செய்திகள் வழக்கமாயின. இதே வான்கூவர், மெல்பர்ன் முந்துவதற்கு முன், வாழத்தகு நிலைக் குறியீட்டில் பல்லாண்டுகள் முதலிடத்தில் இருந்த நகரம். வாடகையை எண்ணாத அளவுகோலுக்கு அதன் வாடகை ஒரு குறையாகத் தெரிந்ததேயில்லை. அக்டோபர் 2024 இல் கனடிய அரசு, 2025 ஆம் ஆண்டுக்கு ஐந்து இலட்சமாக இருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கும் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே உச்சவரம்பு விதித்திருந்தது. ஸ்கார்பரோவில் உறவினர் உள்ளவர்கள் விண்ணப்பங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.